மேடவாக்கம் போர் தண்ணீர், 2 அடி செடித் தொட்டி: 10 நியான் டெட்ரா மீன்களும் போய்விட்டன, அடுத்து எந்தக் கூட்ட மீன் விடலாம்?

புதுத்தொட்டி (மே 9, இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஹாலில் 24x12x15 அங்குலத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு அங்குலத்துக்குச் செம்மண்ணும் மண்புழு உரமும், அதன்மேல் இரண்டு அங்குலம் சலித்துக் கழுவிய ஆற்று மணல். பின்பக்கம் முழுக்க வாலிஸ்நேரியா, ஓரத்தில் ஹைக்ரோஃபிலா, ஒரு கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், முன்னால் கிரிப்டோகொரைன் நாலு செடி. ஹேங் ஆன் ஃபில்டர் ஒன்று ஓடுகிறது. சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலில் இருந்து செடிகளுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு. லைட் 8 மணி நேரம். செடிகளுக்கு ஒரு குறையும் இல்லை, வாலிஸ்நேரியா வாராவாரம் புதுக்கன்று விடுகிறது.

தண்ணீர் போர் தண்ணீர்தான். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ் மீட்டரில் 820 காட்டுகிறது. சொட்டு விட்டுப் பார்க்கும் கிட்டில் பி.ஹெச் 8 நிறம் வருகிறது. மதியம் 3 மணிக்குத் தொட்டித் தண்ணீர் 31.5 டிகிரி. அம்மோனியா கிட் வாங்கவில்லை.

தொட்டி வைத்த 19-வது நாள் 10 நியான் டெட்ரா வாங்கி வந்தேன். பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு அப்புறம் திறந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தன. மூன்றாம் நாள் காலை 2 போய்விட்டன. அதற்கடுத்து தினம் ஒன்று, சில நாள் இரண்டு. 9-வது நாள் கடைசி மீனும் போய்விட்டது. எல்லாமே காலையில்தான். என் மகளுக்கு ஆறு வயது, எழுந்ததும் பல்லுக்கூடத் தேய்க்காமல் தொட்டி முன்னால் போய் நின்று எண்ணுவாள். கடைசி இரண்டு நாள் எண்ணாமலே திரும்பி வந்துவிட்டாள். அதைப் பார்த்தபிறகு அவசரப்பட்டு அடுத்த மீன் வாங்க மனம் வரவில்லை.

கடையில் கேட்டதற்கு "நியான் அப்படித்தான் சார், எல்லாம் கலந்து வாங்குங்க" என்று ஒரு பட்டியல் சொன்னார்கள்: 6 நியான், 6 ரம்மி நோஸ், 4 டைகர் பார்ப், 4 கப்பி, 2 ஏஞ்சல்.

எனக்கு வேண்டியது செடிகளுக்கு நடுவே கூட்டமாகப் போகிற சின்ன மீன்கள், அவ்வளவுதான். இந்தத் தண்ணீருக்கும் இந்த வெயிலுக்கும் எது சரிப்படும்? எத்தனை விடலாம்? நியான் ஏன் செத்தன என்றும் தெரிந்தால் நல்லது.

---

வேலம்பாசி (மே 10, காலை 6.15)

தம்பி, முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஏஞ்சல் வளர்ந்தால் நியானைத் தின்னும். டைகர் பார்ப் நாலே நாலு விட்டால் கப்பி வாலையும் ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கடித்துக் குதறும். ரம்மி நோஸ் 5 செ.மீ. வளரும், ஓடி நீந்துகிற மீன், அதற்கு மூன்றடி நீளமாவது வேண்டும்.

நியான் ஏன் செத்தது என்பதற்கு நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. எல்லாம் காலையில் என்றீர்களே, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும், 31-இல் ஏழரைக்கும் கீழே போய்விடும். பகலில் செடி ஆக்ஸிஜன் விடுவதால் தெரியாது. லைட் அணைந்ததும் செடியும் மீனைப்போலவே மூச்சு வாங்கும், மண்ணுக்குள் மக்கும் உரமும் சேர்ந்து இழுக்கும். இதற்கு மேல் உங்கள் ஈஸ்ட் பாட்டில். சிலிண்டர் என்றால் லைட்டோடு சேர்த்து நிறுத்தலாம், ஈஸ்ட்டை நிறுத்த முடியாது, மே மாதச் சூட்டில் அது இன்னும் வேகமாகப் பொங்கி ராத்திரி முழுக்க வாயுவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்திருக்கும்.

இரண்டாவது காரணம் அம்மோனியா. மண்புழு உரம் தண்ணீருக்குள் போனால் முதல் சில வாரங்கள் அம்மோனியா கக்கும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் 19-வது நாள் மீன் விட்டீர்கள். போதாததற்கு உங்கள் பி.ஹெச் 8. பி.ஹெச் 7 இருந்தால் தண்ணீரிலுள்ள அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.ஹெச் 8, சூடு 30 டிகிரி என்றால் நூற்றுக்கு ஏழு பங்கு விஷம். அதே அளவு அம்மோனியா ஒரு தொட்டியில் மீனை ஒன்றும் செய்யாது, இன்னொன்றில் கொன்றுவிடும் என்பது இதனால்தான்.

மூன்றாவது நியான். பாவம், அது இந்தச் சூட்டுக்கான மீனே இல்லை. அமேசானின் மேல்பகுதி ஓடைகளில், மரநிழலில், 21 முதல் 25 டிகிரி வரை உள்ள மென்மையான, அதாவது உப்பு குறைந்த, தண்ணீரில் வாழ்வது. நமக்குக் கடையில் கிடைப்பது அநேகமாகப் பண்ணையில் வளர்ந்தது, அதனால் கடினத் தண்ணீரை ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஆனால் 31.5 டிகிரியை நாள் கணக்கில் தாங்காது.

இனி எதை விடலாம்? என் கருத்து இது. வருடத்தின் மோசமான மாதத்தில் உங்கள் தண்ணீர் எப்படி இருக்கிறதோ அந்தத் தண்ணீரில் சுகமாக இருக்கும் மீனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்கழியில் பார்த்து மீன் வாங்கினால் சித்திரையில் அழ வேண்டிவரும். நான் இரண்டு மீன் சொல்வேன்.

ஒன்று எக்ஸ்ரே டெட்ரா. வெனிசுவேலா, கயானா கடலோர ஆறுகளில் இருக்கிற மீன், லேசாக உப்புக் கலந்த தண்ணீரில்கூட இருக்கும், டெட்ராக்களில் கடினத் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. 4 செ.மீ. சொச்சம் வளரும். கடைத் தொட்டியில் வெளுத்துப்போய்க் கிடக்கும், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செடித் தொட்டியில் ஒரு மாதம் இருந்தால் முதுகுத் துடுப்பிலும் அடித் துடுப்பிலும் மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறமும் பட்டை பட்டையாகத் தெளிந்து வரும். பச்சைப் பின்னணியில் பத்து மீன் சேர்ந்து திரும்பும்போது பாருங்கள், நியானை மறந்துவிடுவீர்கள்.

இன்னொன்று ஹார்லிக்வின் ராஸ்போரா. மலேசியா, சுமத்ரா பக்கத்து மீன், நம்மூர் மாதிரியே புழுக்கமான இடம். ஆனால் அது பிறந்தது மென்மையான தண்ணீர், உங்கள் 820-ஐ அப்படியே கொடுக்கக் கூடாது, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டும்.

இரண்டில் ஒன்று. ஒன்று மட்டும். 12 மீன். உங்கள் தொட்டி கணக்குக்கு 70 லிட்டர், மண்ணும் மேல் இடைவெளியும் போக உள்ளே நிற்பது 50 லிட்டர் சொச்சம்தான்.

---

புதுத்தொட்டி (மே 10, காலை 8.05)

அண்ணா, ஒவ்வொன்றாகப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. நீங்கள் சொன்னது சரிதான், ஒரு நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது மேலே வந்து வாயைத் திறந்ததைப் பார்த்தேன், பசி என்று நினைத்து கொஞ்சம் தீனி போட்டேன். பாட்டிலை இப்போதே எடுத்துவிட்டேன்.

12 மீனும் ஒரே வகையாகவா? 4, 4, 4 என்று மூன்று வகை விட்டால் பார்க்க நிறையத் தெரியாதா?

---

சிறுவாணிக்கரை (மே 10, மதியம் 1.30)

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் சரியாக அதைத்தான் செய்தேன்.

கோவையில் மூன்றடித் தொட்டி. நாலு வருடத்துக்கு முன்னால் 5 கார்டினல், 5 பிளாக் நியான், 4 செர்ரி பார்ப், 4 ஜீப்ரா டேனியோ, 3 குளோலைட் என்று வகைக்குக் கொஞ்சமாக வாங்கினேன். 21 மீன் இருந்தும் தொட்டி காலியாகத் தெரிந்தது. ஏனென்றால் டேனியோவைத் தவிர எல்லாம் ஒளிந்துகொண்டன. கார்டினல் ஐந்தும் கட்டைக்கு அடியில், பிளாக் நியான் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், நான் நாற்காலியை இழுத்தாலே ஒரு சலசலப்பு, அப்புறம் ஒன்றும் இல்லை.

கூட்ட மீனுக்குக் கூட்டம்தான் பாதுகாப்பு. பெரிய மீன் துரத்தும்போது பத்துப் பதினைந்து உடம்பு ஒன்றாகத் திரும்பினால் எதைப் பிடிப்பது என்று துரத்துகிறவனுக்குத் தெரியாது. நாலே நாலு இருந்தால் அந்தத் தைரியம் வராது, எப்போதும் பயந்துகொண்டே இருக்கும், நிறம் மங்கும், நோய் சுலபமாகப் பிடிக்கும். அதோடு நாலில் ஒன்று வலுவாக இருந்தால் மற்ற மூன்றையும் அதுவே துரத்தித் துரத்தி ஓய்த்துவிடும். பன்னிரண்டு இருந்தால் அந்தத் துரத்தல் எல்லார் மேலும் பரவி யாருக்கும் பெரிதாக அடிபடாது. வேறு வகை மீன் பக்கத்தில் இருப்பதால் எண்ணிக்கை கூடிவிடாது, அதற்கு அதன் இனம்தான் கணக்கு.

ஒரு வருடம் கழித்து மற்றதையெல்லாம் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு கார்டினலை மட்டும் 20 ஆக்கினேன். மூன்றாவது நாள் அவை கட்டைக்கு அடியில் இருந்து வெளியே வந்து தொட்டியின் நடுவில் நின்றன. அதுவரை நான் அந்த மீனைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் நீங்கள் கார்டினல் வாங்காதீர்கள். எனக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், பாறையில் வழிந்து வருகிற மென்மையான தண்ணீர், கார்டினலுக்கு அது வரம். சூட்டை நியானைவிட நன்றாகத் தாங்கும், அது வாழும் ரியோ நீக்ரோ ஆற்றுத் தண்ணீரே சூடானதுதான், ஆனால் உங்கள் போர் தண்ணீர் அதற்குக் கல் மாதிரி. கடையில் நியானா கார்டினலா என்று குழம்பினால் சிவப்பைப் பாருங்கள், நியானுக்கு வயிற்றின் பாதியில் இருந்து வால் வரைதான் சிவப்பு, கார்டினலுக்கு முகத்துக்குக் கீழே தொடங்கி வால் வரை ஒரே ஓட்டமாக இருக்கும்.

இன்னொன்று, புது மீனை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஒரு 20 லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நாலு கொத்து ஜாவா மாஸ், மேலே ஒரு வலை. மூன்று வாரம் அதில் இருக்கட்டும். ஸ்பாஞ்சை இப்போதே உங்கள் பெரிய தொட்டியில் ஓடவிட்டால் மீன் வரும்போது அதில் பாக்டீரியா தயாராக இருக்கும். நான் ஒரு முறை சோம்பல்பட்டு நேராக விட்டு வெள்ளைப்புள்ளி நோய் வந்து 20-இல் 7 போய்விட்டது. செடித் தொட்டியில் மருந்து ஊற்றவும் முடியாது, உப்பு போட்டால் வாலிஸ்நேரியா தாங்கினாலும் மற்ற செடி கருகும், கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

---

ஆறுமீன் (மே 10, இரவு 9.20)

ஒரு சின்ன மறுப்பு. நான் பெரம்பூர். என் நியான்கள் 14, மூன்று வருடம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. அதனால் "சென்னைக்கு நியான் ஆகாது" என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். விளிம்பில் மாட்டுகிற சின்ன கூலிங் ஃபேன் இரண்டு வைத்திருக்கிறேன், தண்ணீர் மேல் காற்று பட்டு ஆவியாகும்போது சூடு இறங்கும். வெப்பமானி சொல்வது 28-ஐத் தாண்டியதில்லை.

---

வேலம்பாசி (மே 11, காலை 6.00)

ஆறுமீன், உங்கள் மீன்கள் நன்றாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. தொட்டி இருக்கும் அறையில் ராத்திரி ஏ.சி. ஓடுகிறதா? ஓடினால் அறைக் காற்றின் ஈரம் குறையும், ஃபேன் நன்றாக வேலை செய்யும். இவர் தொட்டி ஹாலில் இருக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் ஃபேன் போட்டால் இரண்டு டிகிரி இறங்கும், அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. 31.5-இல் இருந்து 29.5 வந்தாலும் நியானுக்கு அது சூடுதான், எக்ஸ்ரேவுக்கு அது போதும்.

புதுத்தொட்டி, ஃபேன் எப்படியும் வாங்குங்கள். ஆனால் ஒன்று கவனம். ஃபேன் போட்டால் தினம் ஒரு லிட்டராவது ஆவியாகிப் போகும். போவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். அந்தக் குறைவுக்குப் போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்தில் 820 என்பது 1000-ஐத் தாண்டும். ஆவியானதுக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

வாராவாரம் மாற்றும் தண்ணீருக்குக் கணக்கு இது: உங்கள் ஆர்.ஓ. 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 300 சொச்சம் வரும். எக்ஸ்ரேவுக்கு அது தேவைக்கு மேலேயே நல்ல தண்ணீர், ஹார்லிக்வினுக்கும் ஆகும். ஒரே நாளில் முழுத் தொட்டியையும் மாற்றாதீர்கள், வாரம் கால் பங்கு போதும்.

---

ஆறுமீன் (மே 11, காலை 9.45)

ஆமாம், படுக்கையறையில்தான் தொட்டி, ராத்திரி பத்து மணி முதல் ஆறு மணி வரை ஏ.சி. ஓடும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியென்றால் இவருக்கு நான் சொன்னது பொருந்தாது.

---

புதுத்தொட்டி (மே 11, இரவு 11.10)

அம்மோனியா, நைட்ரைட் கிட் இரண்டும் வாங்கிவிட்டேன். அம்மோனியா 1, நைட்ரைட் 2 காட்டுகிறது, நிறத்தைப் பார்த்து மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் அந்த மீன்கள் இதில்தான் இருந்திருக்கின்றன.

மூன்று சந்தேகம். ஏ.சி.யில் இருந்து சொட்டுகிற தண்ணீர் டி.டி.எஸ் 20 காட்டுகிறது, ஆர்.ஓ.வுக்குப் பதில் அதை ஊற்றலாமா? மதியம் ஐஸ் பாட்டில் மிதக்கவிடலாமா? இப்போது காலியாக இருக்கும் தொட்டியை என்ன செய்வது?

---

சிறுவாணிக்கரை (மே 12, காலை 7.30)

ஏ.சி. தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது செம்புக் குழாயிலும் அலுமினியத் தகட்டிலும் படிந்து, அங்கே இருக்கிற தூசி, பூஞ்சை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருவது. மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. துளிச் செம்பு போதும், பின்னால் இறால் வளர்க்க நினைத்தால் ஒன்றுகூட நிற்காது. மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரை, முதல் இரண்டு மழை கழுவிப்போனபிறகு பிடித்து வைத்தால் அது ஆர்.ஓ.வைவிட மேல், வீணாகும் தண்ணீரும் இல்லை.

ஐஸ் பாட்டில் போட்டால் சட்டென்று சூடு இறங்கி, உருகினதும் மறுபடி ஏறும். நிலையான 30 பரவாயில்லை, ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் மீனை வீழ்த்தும்.

காலித் தொட்டியைக் காலியாகவே ஓடவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் அப்படியே நின்றால் மீன் வாங்கலாம். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

---

கோண்டாவில்கிணறு (மே 12, மாலை 5.50)

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் வைத்தால் ஒரு கிழமையில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் மேடவாக்கத்துக்காரரின் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது.

நான் செர்ரி பார்ப் வைத்திருக்கிறேன், 10. இலங்கைக்கே உரிய மீன், தென்மேற்குப் பக்கத்தில் களனி கங்கையில் இருந்து நில்வளா கங்கை வரைக்கும் உள்ள நிழலான சின்ன ஓடைகளில் இருப்பது. ஓடையில் அது மென்மையான தண்ணீர்தான், ஆனால் கடைக்கு வருகிற பண்ணை மீன்கள் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்தவை, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு வருடமாக என்னிடம் நன்றாகவே இருக்கின்றன. குஞ்சும் பொரித்தன.

ஒன்று முதலே சொல்ல வேண்டும், இது டெட்ரா மாதிரி நெருங்கிச் சேர்ந்து ஓடாது. ஆளுக்கொரு பக்கம் செடிக்குள் புகுந்து மேயும், பயந்தால்தான் ஒன்று சேரும். ஆண்கள் இரண்டு எதிர்ப்பட்டால் துடுப்பை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றும், அந்த நேரம் உடம்பு முழுக்கச் செக்கச் செவேலென்று சிவக்கும், அவ்வளவு வடிவு. காயப்படுத்தாது. வாங்கும்போது ஆணுக்கு இரண்டு பெண் என்று பாருங்கள். கடைக்காரர்கள் சிவப்பாகத் தெரிகிற ஆண்களையே அள்ளித் தருவார்கள், மண்ணிறத்தில் பக்கவாட்டில் கறுப்புக் கோடு தெரிகிறவை பெண்கள், அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் கிரிப்டோகொரைனும் அநேகமாக எங்கள் நாட்டு வென்ட்டி வகையாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே தீவுக்காரர், ஒரே தொட்டியில் பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும்.

---

வேலம்பாசி (மே 12, இரவு 8.30)

செர்ரி பார்ப்புக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் இவர் கேட்டது கூட்டமாகப் போகிற மீன், அதனால் முதல் இடம் எக்ஸ்ரேவுக்கே. ஆறு மாதம் தொட்டி நிலையாக ஓடினால் ஆறு செர்ரி பார்ப் சேர்க்கலாம்.

மீன் வாங்கக் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், நாலைந்து கடை ஏறி இறங்கிப் பாருங்கள். தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். மேலே மூச்சு வாங்குகிறவை, துடுப்பை ஒடுக்கி வைத்திருப்பவை, வயிறு ஒட்டியவை வேண்டாம். கொஞ்சம் தீனி போடச் சொல்லிக் கேளுங்கள், பாய்ந்து வந்து சாப்பிடுகிற கூட்டத்தில் வாங்குங்கள். பளபளவென்று ரோஸ், நீலம், பச்சை நிறத்தில் விடோ டெட்ரா காட்டுவார்கள். நம் கடைகளில் அதில் பலவும் சாயம் ஏற்றியது, மீனைச் சித்திரவதை செய்து ஏற்றுகிற நிறம், சில மாதத்தில் வெளுத்துவிடும். மகள் கேட்டாலும் எடுத்துச் சொல்லுங்கள், ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்தபின் மிதக்கவிடுவது சூட்டை மட்டும்தான் சமன்படுத்தும். கடைத் தண்ணீர் 200, உங்களுடையது 800 என்றால் அந்தத் தாவல் மீனின் உடம்புக்குள் அடிக்கும். மீனை ஒரு பக்கெட்டில் அதே தண்ணீரோடு விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு உங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்குங்கள். அப்புறம் வலையில் எடுத்து மீனை மட்டும் விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

---

புதுத்தொட்டி (ஜூலை 5, இரவு 9.50)

எல்லாருக்கும் நன்றி சொல்லாமல் இருந்துவிட்டேன், காட்ட ஏதாவது இருக்கும்போது எழுதலாம் என்று இருந்தேன்.

அம்மோனியா பூஜ்யத்துக்கு வர இன்னும் மூன்று வாரம் பிடித்தது, நைட்ரைட் அதற்கும் ஐந்து நாள் பின்னால். ஜூன் 9 அன்று கொளத்தூரில் ஆறாவது கடையில் எக்ஸ்ரே டெட்ரா கிடைத்தது, 8 வாங்கினேன். நீங்கள் சொன்னபடியே வெளுத்துப்போய் ஓரத்தில் கிடந்தன, விற்றவருக்கே ஆச்சரியம். டப்பில் மூன்று வாரம் வைத்திருந்து போன திங்கள் இரவு லைட் அணைத்தபிறகு தொட்டிக்கு மாற்றினேன். டப்பில் ஒன்று இறந்தது, மற்ற 7-ம் இருக்கின்றன. சூடு இப்போது 29. டி.டி.எஸ் 340. ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்து அருவி மாதிரி விழவிட்டிருக்கிறேன், விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து நாலு நாள் பார்த்தேன், ஒன்றுகூட மேலே வரவில்லை.

பகலில் வாலிஸ்நேரியாவுக்கு முன்னால் ஏழும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்புகின்றன. முதுகெலும்பு தனித்தனியாகத் தெரிகிறது, வயிற்றுக்கு மேலே வெள்ளிக் குமிழ் மாதிரி காற்றுப்பை, நான் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் மறுபடி காலையில் எண்ணத் தொடங்கிவிட்டாள், மீன்கள் ஒரு இடத்தில் நிற்காததால் ஆறு என்றும் எட்டு என்றும் வருகிறது, ஏழு வரும்வரை விடுவதில்லை.

மீதி 5-ஐ எப்போது வாங்கலாம்?

---

வேலம்பாசி (ஜூலை 6, காலை 6.10)

படிக்கும்போதே மனம் நிறைந்தது தம்பி. இன்னும் ஒரு மாதம் போகட்டும், ஒரே அடியாக 5 வாங்குங்கள், மறுபடி டப்பில் மூன்று வாரம். ஒன்று இரண்டாக வாங்கினால் புதிதாக வருவதைப் பழையவை துரத்தும். தீனியை விரலில் நசுக்கித் தூளாக்கிப் போடுங்கள், இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மட்டத்தைக் குறைத்திருப்பதால் மேலே இடைவெளி இருக்கிறது, அது நல்லதுதான், ஆனாலும் புது மீன் வரும் வாரம் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே கண்ணாடியோ வலையோ போட்டு மூடி வையுங்கள்.